மெட்டிக் காலுக்கு ஒரு சாக்ஸ்

ஜூலை 6, ஞாயிறு

கடலூரிலிருந்து அம்மா போன் செய்தாள். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், இனிமேல் வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், மேலே இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம், விரல் பக்கம் தடிப்பான தையல் வேண்டாம், நிறம் வெளிறியதாக இருக்கட்டும் என்று விவரமாகவே சொல்லி அனுப்பியிருக்கிறார். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் காயம் பட்டதே தெரியாது. வெள்ளை சாக்ஸ் என்றால் கறை காட்டிக் கொடுத்துவிடும். அப்பா வாங்கி வந்ததோ கறுப்பு. கழற்றினால் கணுக்காலுக்கு மேலே ஆழமாகத் தடம்.

"எப்பப் பார்த்தாலும் சாக்ஸ் பின்னிக்கிட்டே இருக்கியே, எனக்கு ஒண்ணு போட்டுக் குடுத்தா என்னடி?"

நியாயம்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து நான் பின்னுகிற சாக்ஸெல்லாம் பாரிஸுக்கும் பெங்களூருக்கும்தான் போகின்றன. இந்த ஊர் வெயிலில் இதை யார் போடுவார்கள் என்று கேட்கிறவர்களிடம் அதைச் சொல்லித்தான் இதுவரை சமாளித்து வந்தேன்.

ஜூலை 12, சனி

நேரு வீதியை ஒட்டிய சந்தில் எனக்குப் பழக்கமான ஒரு ஃபேன்சி ஸ்டோர். நுழைந்ததும் பையன், "எந்த ஸ்கூல் பிராஜெக்ட்க்கா?" என்றான். உல்லன் நூல் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையின் கிராஃப்ட் வேலைக்கு வந்த அம்மாக்கள் என்பது அவன் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

அலமாரியில் வர்த்மான் பேபி உல் வரிசையாக இருக்கிறது. ரோஜா, பச்சை, மாம்பழ மஞ்சள். எல்லாம் அக்ரிலிக். பார்க்க அழகு, விலையும் குறைவு, வாஷிங் மெஷினில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஜூலை மாதப் புதுச்சேரியில் அதைச் சர்க்கரைக்காரர் காலில் மாட்டினால் விரலிடுக்கு ஊறிப்போகும். கீழ்த்தட்டில் ஆங்கர் பருத்தி நூல். குரோஷா போடுகிறவர்களுக்கானது, முறுக்கு அதிகம். மேசை விரிப்புக்கு அதுதான் சரி, பாதத்தின் அடியில் நறநறவென்று உறுத்தும்.

ஆடி பிறக்க இன்னும் சில நாள் இருக்கிறது. "வியாழக்கிழமையிலிருந்து தள்ளுபடி, அப்ப வாங்கக்கா" என்றான். தள்ளுபடியில் வாங்கினாலும் அக்ரிலிக் அக்ரிலிக்தானே. மூங்கில் ஊசி ஒரு செட் மட்டும் வாங்கிக்கொண்டேன். இந்தக் கடல்காற்றுக்கு ஸ்டீல் ஊசி தாங்குவதில்லை. ஒரு மழைக்காலம் பெட்டியில் கிடந்தால் துருப் புள்ளி விழுகிறது, அது வெள்ளை நூலில் ஒட்டினால் போகவே போகாது.

ஜூலை 14, திங்கள்

ஃபிரான்ஸ் சித்தி வந்துவிட்டாள். ஒவ்வொரு ஆண்டும் அங்கே பள்ளி விடுமுறை விட்டதும் பேரப்பிள்ளைகளோடு கிளம்பிவிடுவாள். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர், அதனால் பிரெஞ்சு தேசிய நாளான இன்றைக்குக் காலை கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திக்கொண்டு போய் நின்றே ஆக வேண்டும். நாங்களும் போனோம். கொடி, மலர் வளையம், கோட்டுக்குள் வியர்த்து வழியும் பெரியவர்கள். அந்த வெயிலில் அவர்கள் காலில் மட்டும் சாக்ஸ்!

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தாள். எனக்காக ஓப்பல் சாக்ஸ் நூல். ஜெர்மன்காரர்கள் தயாரிப்பது. 100 கிராம் உருண்டை, 425 மீட்டர், கம்பளி 75 சதவீதம், நைலான் 25. சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் போதும், கோடுகள் தானாக விழும்படி சாயம் ஏற்றியிருப்பார்கள். ஒரு பெரியவர் ஜோடிக்கு ஒரு உருண்டை தாராளம். குதிகாலும் விரல்நுனியும் தேயாமல் இருக்கத்தான் அந்த நைலான். வெறும் கம்பளி என்றால் ஒரு குளிர்காலத்திலேயே ஓட்டை.

அம்மாவுக்குப் பருத்தியில் போடப் போகிறேன் என்றேன். சித்தி முகம் சுளித்தாள். "பருத்தி தொளதொளன்னு தொங்குண்டி. சாயங்காலத்துக்குள்ள கணுக்கால்ல வந்து விழுந்துடும்." அவள் சொல்வதில் பாதி உண்மை. கம்பளி இழையில் பிறவியிலேயே ஒரு சுருள் இருக்கிறது, இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. நூலில் இல்லாததைப் பின்னலில்தான் கொண்டுவர வேண்டும். கால் முழுவதும் ரிப் போட்டால் பள்ளமும் மேடுமாக மடிந்து நின்று, நூல் நீளாவிட்டாலும் துணி நீளும். சித்தியிடம் இதை வாதாடி ஜெயிக்க முடியாது, பின்னித்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 19, சனி

கடலூர். முதல் பஸ்ஸில் ஜன்னல் சீட். வட்ட ஊசி இருந்தால் பஸ்ஸில் பின்னுவதில் ஒரு சிரமமும் இல்லை. நீளக் கம்பி பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் குத்தாது, பிரேக் போட்டால் ஊசி உருவிக்கொண்டு ஓடாது. தவளக்குப்பம் தாண்டும்வரை சித்தியின் நூலில் நிம்மதியாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று. கிருமாம்பாக்கத்தில் ஏறிய ஓர் அம்மா கன்னியக்கோயில்வரை பார்த்துக்கொண்டே வந்து, "ஸ்வெட்டரா?" என்றார். சாக்ஸ் என்றேன். "கையிலேயேவா? பத்து ரூபாக்கு விக்கிறானே" என்று எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். பெண்ணையாற்றுப் பாலத்தில் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பியதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அளவு எடுத்தேன். பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22 சென்டிமீட்டர். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை 23. சாயங்காலம் இன்னொரு தரம் அளந்தால் கணுக்கால் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது, வீக்கம். மாலை அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரச்சினை மெட்டி. இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி, மேலே மூன்று முத்து வைத்தது. வாய் திறந்திருக்கும் வளையம், அந்த முனை ஒவ்வொரு முறையும் நூலைப் பிடித்து இழுக்கும். கழற்றிவிடேன் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, நான் ஏண்டி கழட்டணும்?" அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இன்னொன்று செருப்பு. சாக்ஸுக்கு மேலே செருப்பு போட்டுத்தான் நடப்பாளாம். வார்ச்செருப்பு, கட்டைவிரல் பிடிப்பு. அப்படியானால் கட்டைவிரலுக்குத் தனி வீடு வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. எகிப்தில் கிடைத்த ஒரு ஜோடிச் சிவப்பு சாக்ஸ் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 1,600 ஆண்டுப் பழசு. ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகப் போட்டது, இன்றைய நிட்டிங்கே அன்றைக்கு வந்திருக்கவில்லை. அதிலேயே கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கிறது, வார்ச்செருப்போடு போடுவதற்காக. படத்தை அம்மாவிடம் காட்டினேன். "பாத்தியா, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள், ஏதோ நான்தான் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்ததைப் போல.

லாரன்ஸ் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். அதே பேபி உல்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் வடலூர் பஸ் பிடித்துக் குறிஞ்சிப்பாடி. அப்பாவுக்குத் தெரிந்த நெசவாளர் வீடு. கைலி ஊர் அது, சில வீட்டில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. மெல்லிசாக முறுக்கிய வெள்ளைப் பருத்தி நூல் கிடைக்குமா, எட்டு இழை பத்து இழை சேர்த்துச் சாக்ஸ் போடலாமா என்று கேட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை. "என்னா நம்பரு வேணும்?" என்றார். அந்தக் கேள்விக்காகவே இத்தனை தூரம் வந்தது தகும்.

நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம், அதாவது நூல் சுருணை, எத்தனை நிற்கிறது என்பது. நாற்பதாம் நம்பர் என்றால் 40 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். சித்தி கொடுத்த சாக்ஸ் நூலை இந்தக் கணக்கில் போட்டால் இரண்டரையாம் நம்பர்தான் வருகிறது. அதாவது நாற்பதாம் நம்பர் ஒற்றை நூல் 16 இழை. அவரிடம் இருந்தது 2/40, இரட்டை முறுக்கு. எட்டு இழை சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். நான் போன் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் அவர் மனசிலேயே சொல்லிவிட்டார்.

அவர் மனைவி தார் சுற்றும் ராட்டையில் எட்டு இழையையும் சேர்த்துப் பிடித்து ஓட்டிக் காட்டினார். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், ஒரு இழை தளர்ந்தாலும் பின்னும்போது அங்கே ஒரு கொக்கி நீட்டிக்கொண்டு நிற்கும், மெட்டிக்கு அது போதும். கோனில் மிச்சம் இருந்த சலவை நூல் எல்லாம் சேர்த்து 300 கிராம். காசு வாங்க மாட்டேன் என்றார்கள், ராட்டை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஊசி 2.5 மில்லிமீட்டர். மாதிரித் துண்டு பின்னித் துவைத்துக் காயவைத்து அளந்ததில் 10 சென்டிமீட்டருக்கு 30 கண்ணி, அதாவது 30 நூல் வளையம். அம்மா காலுக்கு 66 வரும். கம்பளியாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு குறைத்து 60 போட்டிருப்பேன், இறுக்கிப் பிடிக்கும். வீங்குகிற காலுக்கு அது ஆகாது. 64.

மின்விசிறி இல்லாமல் பின்ன முடியவில்லை. விரல் வியர்த்தால் கண்ணி ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. கையில் பவுடர் போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஒரு மணி நேரம்.

ஜூலை 30, புதன்

இன்று மில் தொழிலாளர் தியாகிகள் நாள். 1936-இல் இதே தேதியில் சவானா மில் போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்றுதான் கேட்டார்கள். தாத்தா வேலை செய்தது ரோடியர் மில்லில். 1898-இல் ஆரம்பித்த மில், பின்னால் ஏ.எஃப்.டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆகி, 2020-இல் ஒரேயடியாகப் பூட்டியாகிவிட்டது. இந்த ஊர் நீலத் துணி கப்பலேறி செனகல்வரை போய், அங்கே கோந்துக்குப் பண்டமாற்றாக நடமாடியிருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் இன்று பின்னுவதற்கு ஒரு நல்ல பருத்தி நூல் உருண்டை கிடைக்காது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடைக்காரர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன், கேட்பவர்கள் இருந்தால்தானே வாங்கி வைப்பார்கள். திருப்பூரில் மலைபோலக் குவிகிற நூலெல்லாம் மெஷினுக்குப் போகிறது, கோன் கணக்கில்தான் விற்பார்கள். கையால் பின்னுகிறவள் அதற்கும் இதற்கும் நடுவே நிற்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறி முடித்துவிட்டு சாக்ஸின் குதிகாலைப் பின்ன உட்கார்ந்தேன்.

சாக்ஸில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அதுவரை குழாயாக இறங்கி வந்தது இங்கேதான் திரும்பிப் பாதமாகிறது. 64-இல் பாதி, 32 கண்ணியில் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரிசை. ஒன்று பின்னி ஒன்றைப் பின்னாமல் தாவவிட்டால் துணி இரட்டைத் தடிப்பாகும், மெல்லிய நைலான் இழை ஒன்றையும் கூடவே சேர்த்துக்கொண்டேன். அப்புறம் திருப்பம்: 18 பின்னி, இரண்டை ஒன்றாக்கி, இன்னும் ஒன்று பின்னி, வரிசை முடியாமலே திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி தள்ளிப் போய்த் திரும்பத் திரும்ப நடுவில் ஒரு கிண்ணம் குழிந்து வரும். முடிவில் ஊசியில் 18 மிச்சம். பக்கத்துக்கு 16 கண்ணி பொறுக்கி எடுத்து, மேற்பாதத்தின் 32-ஐச் சேர்த்தால் 82, அதை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து மறுபடி 64. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது மேத்ஸ்தானே, ஏன் சந்தோஷமா இருக்கீங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விரல் பகுதி. கட்டைவிரலுக்குப் பிரித்து, இடுக்கில் புதிதாக நான்கு கண்ணி ஏற்றினேன். ஏற்றாவிட்டால் செருப்பு வாரின் பிடிப்பில் இழுத்துக்கொண்டு கிழியும். நுனியைத் தைத்து மூடவில்லை. இரண்டு வரிசைக் கண்ணிகளையும் ஊசி நூலால் பின்னல் மாதிரியே கோத்துவிட்டால் தடிப்பே இருக்காது. டாக்டர் கேட்டது அதுதான். அடிப்பாதத்தில் ரிப் இல்லை. மேலே மட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரு ஜோடியோடு கடலூர் போனேன். அம்மா கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "உள்ள சொரசொரன்னு இருக்கேடி, வெளிப்பக்கம்தான வழவழன்னு இருக்கு?" என்று திருப்பிப் போட்டுக்கொண்டுவிட்டாள். பின்னலின் உள்முகத்தில் சிறு சிறு மேடு இருப்பது உண்மை, வழவழப்பான முகம் தோலைத் தொடுவதுதான் அவள் காலுக்கு நல்லது. நான் கவனமாக உள்ளே மறைத்த நூல் முனைகள் இப்போது வெளியே தெரிகின்றன. தெரியட்டும்.

மெட்டிக்கும் அவளே வழி செய்திருந்தாள். போன வாரம் பத்தரிடம் போய் முத்து வைத்ததைப் பீரோவில் வைத்துவிட்டு, முனை இழைத்த வெறும் வளையமாக, கொஞ்சம் தளர்வாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செருப்பில் கட்டைவிரல் சரியாக உட்கார்ந்தது. மொசைக் தரையில் செருப்பில்லாமல் சாக்ஸோடு மட்டும் நடக்கக் கூடாது, வழுக்கும் என்று அப்பாவிடம் பொறுப்பு ஒப்படைத்தேன். மாலையில் கழற்றிப் பார்த்தோம், கணுக்காலில் தடம் இல்லை. லேசாகத் தளர்ந்திருந்தது. சித்தி சொன்ன அளவுக்கு இல்லை, துவைத்தால் மறுபடி சுருங்கிவிடும். அடுத்த ஜோடிக்கு 62 கண்ணி போட வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுத் தன் மாமியாருக்கும் ஒன்று வேண்டும் என்றார். விலையை நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டு ஒரு தொகை சொன்னாள். நான் பெங்களூருக்கு விற்பதைவிட அதிகம். அக்கா தயங்கினார். "நூலு குறிஞ்சிப்பாடியிலருந்து வரணும், எட்டு இழை" என்று அம்மா விளக்க ஆரம்பித்தாள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.