பைலட் வாட்ச்சும் புதுச்சேரி பஸ்ஸும்

பைலட் மாடல் க்ரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கைக்கடிகாரம்) கட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் போனால் ஒரு தொல்லை. "முள்ளு ஓடலையே தம்பி" என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். நடுவிலிருக்கும் அந்த நீள முள் ஸ்டாப்வாட்ச்சுக்கானது, அழுத்தினால்தான் கிளம்பும். வழக்கமான நொடி, கீழே சின்ன வட்டத்தில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

2 மணிப் பக்கத்துப் பட்டன் ஓட்டவும் நிறுத்தவும், 4 மணிப் பக்கத்தது பூஜ்யத்துக்குக் கொண்டுவர. இந்த இரண்டாவது பட்டன் 1934-இல் ப்ரைட்லிங் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனி கொண்டுவந்தது.

எனக்குப் பிடித்தது விளிம்பிலுள்ள டாக்கிமீட்டர், அதாவது வேகம் காட்டும் எண் வரிசை. புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும். ஒரு கிலோமீட்டர் கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. 45 நொடி என்றால் 80. வேறொன்றுமில்லை, 3600-ஐ நொடியால் வகுத்த கணக்கு. கிருமாம்பாக்கம் பக்கம் ஜோராக வேலை செய்யும். அரியாங்குப்பம் நெரிசலில் முள் ஒரு சுற்றைத் தாண்டிவிடும், அப்புறம் அது வெறும் அலங்காரம்தான் (டிரைவருக்கும் நிம்மதி).

நேரம் திருத்தும் பக்கத்துத் திருகு பெரிதாக இருப்பது, விமானி கையுறையோடே திருப்புவதற்காக. தோல் ஸ்ட்ராப்தான் நம்மூர் வியர்வைக்கு ஆகவில்லை, நைலானுக்கு மாற்றிவிட்டேன்.