‘இயன்ற வரை’ என்பதை எடுத்துவிடுங்கள்

எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளில் மறக்காமல் கொஞ்சம் பஞ்சு எடுத்துக்கொள்வேன். முப்பது மாத்திரை உள்ள டப்பா, பஸ் குலுங்கினால் பைக்குள் கலகலவென்று சத்தம் போடும். பஞ்சை உள்ளே அடைத்தால் சத்தம் நின்றுவிடும். பக்கத்து சீட்டில் ஊர்க்காரர் யாராவது இருந்து, “என்னக்கா மாத்திரை, சுகரா?” என்று கேட்டுவிடக் கூடாதே.

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் லாரி டிரைவர். 2007-ல் அவருக்கு முதுகில் அக்கி வந்தது. அப்போது வயது 29. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வந்தோம், ஆறியது. அப்புறம் வாய்ப்புண், நிற்காத பேதி, இடுப்பில் நிற்காத லுங்கி. மூன்று கிளினிக் ஏறி இறங்கினோம். ஊசி போட்டார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள். இந்த வயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2008-ல் நான் மாசமாக இருந்தேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு இருப்பது தெரிந்தது. எனக்கு இருந்ததால்தான் அவருக்கும் பரிசோதித்துப் பார்த்தார்கள். காசநோயும் சேர்ந்திருந்தது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் போய்விட்டார். மகளுக்குப் பிறந்தவுடன் நெவிரபின் மருந்து கொடுத்தார்கள். 18-வது மாதப் பரிசோதனையில் அவளுக்கு இல்லை என்று வந்த அன்று, கவுன்சிலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரே வீட்டில் ஒரு பரிசோதனை நேரத்துக்கு நடந்தது, ஒன்று நடக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு லோடு இறக்கும் மனிதன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் பகலில் எப்படி வருவான்? பட்டறைக்கும் டயர் கடைக்கும் சாயங்கால நேரத்தில் பரிசோதனை போக வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் போதும், அரை மணி நேரத்துக்குள் முதல் முடிவு தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்ததே சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய முதல் இடங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் இருந்தது. அந்த மருந்தால்தான் இன்று நான் இதை எழுதுகிறேன். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

ஆனால் 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டத்தின் 14-வது பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபோது மனசு கனத்துப்போனது. பரிசோதனை வசதியும் மருந்தும் ‘இயன்ற வரை’ தரப்படும் என்று இருக்கிறது. எங்களிடம் யாரும் இயன்ற வரை சாப்பிடு என்று சொல்வதில்லை. ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்களும் அப்படித்தான் சாப்பிடுகிறோம். 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு என்று எங்களைப் போன்றவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகம் முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி, டப்பாவைக் கவிழ்த்து மாத்திரையை எண்ணினேன். பதினொன்று இருந்தது.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, வைரல் லோடு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது இன்னொருவருக்குப் பரவாது. ஆக, எனக்குக் கொடுக்கும் மாத்திரை ஊருக்கும் சேர்த்துத்தான்.

ஊரில் தெரியக்கூடாது என்று பக்கத்து மாவட்டத்து மையத்தில் பதிந்திருக்கிறேன். பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ் அவ்வளவு தூரம் வராது. பஸ் காசு போக, அன்றைக்குத் தையல் கூலியும் போய்விடும். கொரோனா சமயத்தில் எனக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நான் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. உடம்பு நிலையாக இருக்கும் எல்லோருக்கும், எல்லா மையத்திலும், எப்போதும் அப்படிக் கொடுக்கட்டும். அதற்கு வேண்டிய இருப்பை வாங்கி வைக்கட்டும். அடுத்த முறை அந்தச் சட்டத்தைத் திருத்தும்போது அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிடட்டும்.

என் அடுத்த தேதி வருகிற வியாழக்கிழமை. டப்பாவில் இன்னும் நான்கு இருக்கிறது.