கால்சியம் வேறு, கால்சிட்டோனின் வேறு

கழுத்துக் கட்டியோடு நான் அலைந்ததில் பதினெட்டு நாள் ஒரே ஒரு சொல்லால் வீணாய்ப் போனது. இன்னும் ஆறவில்லை.

ஸ்கேன், ஊசி போட்டுச் செல் எடுத்தது எல்லாம் கடலூரிலேயே முடிந்தது. 'மெடுல்லரி வகையாக இருக்கலாம்' என்று சந்தேகம் எழுதியிருந்தார்கள். தைராய்டு புற்றுநோயிலேயே அபூர்வமான வகை. வழக்கமான தைராய்டு ரத்த டெஸ்ட்டான டி.எஸ்.ஹெச். நார்மல் என்று நிம்மதியாய் இருந்துவிடாதீர்கள், எனக்கும் நார்மல்தான். இது தைராய்டில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்களில் வருவது, அந்த டெஸ்ட்டில் தெரியாது.

புதுச்சேரி டாக்டர் கால்சிட்டோனின், சி.இ.ஏ. என்று இந்தப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்த டெஸ்ட் இரண்டும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்து லேபில் சீட்டைக் கொடுத்தேன். பில்லில் கால்சியம் என்று இருந்தது. கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா, சுருக்கிப் போட்டிருக்கோம்."

நம்பினேன். 9.4 என்று ரிசல்ட் வந்தது. அம்மா அன்று பாயசம் வைத்தாள். அடுத்த ஓ.பி. நாளில் விடியற்காலை பஸ் பிடித்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், டாக்டர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கால்சியம்மா. நான் கேட்டது எங்கே?" என்றார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுபடி ரத்தம் கொடுத்தபோது அதை ஐஸில் வைத்து அனுப்புகிறார்களா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பத்துக்குள் இருக்க வேண்டிய கால்சிட்டோனின் 640 இருந்தது.

அதோடு ஊசியில் எடுத்த செல்லைத் தடவி வைத்த கண்ணாடி ஸ்லைடு வேறு புதுச்சேரியில் கேட்டார்கள். ஊசி போட்ட இடத்தில் ஆஸ்பத்திரிக் கடிதம் இல்லாமல் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஒரு நாள். ரிப்போர்ட் வாங்கும்போதே ஸ்லைடுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மெட்டானெஃப்ரின் என்ற டெஸ்ட் பார்த்தார்கள். அப்படி இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்தாகுமாம். இந்த நோய்க்காரர்கள் யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் உதடும் விரலும் மதமதத்தன. சொன்னதும் கால்சியம் ஏற்றினார்கள். மறைக்காதீர்கள். "அயோடின் வைக்கலையா?" என்று உறவுக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். மற்ற தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினைக் கேட்கிறார்கள். இந்த வகை அயோடினை உறிஞ்சாது, அதனால் அந்தச் சிகிச்சை கிடையாது.

பிறகு ரெட் (RET) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று டெஸ்ட். நாலில் ஒருவருக்கு இது பரம்பரை. அந்த மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் தூங்கும் மகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தபடியே இருந்தேன். மாற்றம் இல்லை என்று வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன், அவனுக்கும் பேச்சு வரவில்லை.

மூன்றாம் மாதம் கால்சிட்டோனின் 2-க்குக் கீழே. அந்தத் தடவை பில்லை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் கையை நீட்டினேன்.