எக்ஸ்எல் வண்டி திருடுபோனது, எஃப்ஐஆர் வாங்க 12 நாள் ஆனது

அப்பா பிளம்பர். வயது 63. 2024 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போன வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய எக்ஸ்எல் வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பைப் ரெஞ்சுகளும் டிரில்லிங் மெஷினும் இருந்த சாக்குப்பையும் அதோடு போய்விட்டது.

அன்று சாயங்காலமே அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். தனியாக, வேலை செய்த அதே லுங்கியோடு. திரும்பி வந்து, "தேடிப் பாக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் மீதி வந்தது. "யோவ், எங்கயாச்சும் குடிச்சுட்டு விட்டுட்டு வந்திருப்ப. போய்த் தேடிப் பாரு" என்றார்களாம். அப்பா குடிப்பதில்லை. அதை அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன். "சொல்லி என்ன ஆகப்போகுது, விடு பாப்பா" என்றார்.

அந்த 'விடு' எங்கள் வீட்டில் பழைய சொல். தாத்தா இளைஞராக இருந்தபோது கைரேகைச் சட்டம் நடப்பில் இருந்தது. 1911 சட்டத்தின்படி, குற்றப் பரம்பரை என்று அரசு பட்டியல் போட்ட சமூகத்து ஆண்களிடம் ரேகை பதிந்து வைத்திருந்தார்கள். தாத்தா ஊர் ஆண்கள் ராத்திரியில் போலீஸ் கச்சேரிக்குப் போய் ஆஜர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். பெருங்காமநல்லூரில் அந்த ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதைத் தாத்தா தன் வீட்டில் நடந்ததைப்போல் சொல்வார். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் ஒழிந்தது. ஆனால் ஸ்டேஷன் இருக்கும் தெரு வழியாக அவர் சாகும்வரை நடந்ததில்லை. அப்பா அந்தத் தெருவில் நடப்பார், நின்றதில்லை. அம்மாவின் பயம் வேறு. "சாத்தான்குளம் மறந்துபோச்சா?" என்றாள். 2020 ஜூனில் செல்போன் கடைக்கார அப்பாவும் மகனும் போலீஸ் காவலுக்குப் போய் அடுத்தடுத்து இறந்துபோன செய்தியை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஊர்ப்பெயரே போதும்.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காகிதம் எனக்குப் பழக்கம். சரி, எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமலா போய்விடுவார்கள் என்று நினைத்து, மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில் புகார்களை எழுதுகிற ரைட்டரின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. என் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இருந்ததால் "சொல்லும்மா" என்றார். அப்பாவைப் பார்த்து, "நீ அப்படி ஓரமா நில்லு" என்றார். ரைட்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று அதே வாய் சொன்னது. போலீஸ்மேல் ஏன் நம்பிக்கை இல்லை என்று யாராவது கேட்டால் பெரிய பெரிய வழக்குகளைச் சொல்கிறோம். எனக்கு அந்த 'நீ'தான் முதலில் ஞாபகம் வரும். யாருக்கு 'நீ', யாருக்கு 'நீங்க' என்பதை ஆள் வாசல்படி ஏறும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். என்ன பறிபோனது என்று கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எழுதிக்கொண்டு போன புகாரைப் படித்த ரைட்டர் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார். "திருட்டுன்னு எழுதியிருக்கியே, யாரு எடுத்தான்னு பாத்தியா? வண்டியைக் காணலைன்னு எழுது. சிஎஸ்ஆர் போட்டுத் தர்றேன்." அங்கேயே உட்கார்ந்து வேறு தாளில் 'காணவில்லை' என்று எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார். சிஎஸ்ஆர் என்று நம்பர் போட்ட ஒரு ரசீது கையில் கிடைத்ததும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. இந்த விவகாரம் முழுக்க நான் செய்த பெரிய தவறு அந்த ஒரு சொல்லை மாற்றியதுதான்.

என் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு வக்கீல் சாரிடம் அந்த ரசீதைக் காட்டினேன். "இது மனு வாங்கிக்கிட்டதுக்கு அடையாளம், அவ்வளவுதான்மா. கேஸ் இல்லை" என்றார். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும், போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். சிஎஸ்ஆரில் அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. 'காணவில்லை' என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் குற்றம் நடந்ததாகவே ஆகாது.

எங்கள் வண்டிக்கு இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். அதனால் பணம் எதுவும் வராது. பிறகு எஃப்ஐஆர் எதற்கு என்றார் அப்பா. அதற்கு வக்கீல் சார் கேட்ட கேள்வியில் எனக்குத் தூக்கம் போனது. "எடுத்துட்டுப் போனவன் நாளைக்கு யார் மேலயாவது வண்டியை ஏத்திட்டா? ஆர்சி புக்ல யார் பேரு இருக்கு?"

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய சட்டம் வந்திருக்கிறது. முன்பு 154ஆவது பிரிவாக இருந்தது இப்போது 173. அதை அவர் எனக்கு வரிவரியாகச் சொன்னார். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாக ஒருவர் வாயால் சொன்னாலே போதும். அதை எழுத்தில் இறக்கி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டியது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் வேலை. அப்படியென்றால் திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா லுங்கியோடு நின்று சொன்னதே சட்டப்படி புகார்தான்! புகாரில் குற்றம் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பர் 12ஆம் தேதி தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கிட்டத்தட்டப் பதினோரு வருடம் கழித்துத்தான் நாங்கள் அந்த ரைட்டர் மேசைக்கு முன்னால் நின்றோம்.

ஐந்தாம் நாள் இரண்டாவது புகாரோடு போனோம். இந்த முறை 'திருட்டு' என்று எழுதி, முதல் நாள் வாயால் சொன்னது, இரண்டாம் நாள் கொடுத்த மனு, சிஎஸ்ஆர் நம்பர் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்திருந்தேன். எஸ்ஐ படித்துவிட்டு, "புது சட்டத்துல முதற்கட்ட விசாரணைக்கு 14 நாள் டைம் இருக்கும்மா" என்றார். அது பாதி உண்மை. மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் அப்படி விசாரிக்கலாம். சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை தண்டனை, ஆகவே அது இதற்குள் வரும். ஆனால் டிஎஸ்பியின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கியிருக்கிறீர்களா சார் என்று கேட்டேன். கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அவர் பதில் சொல்லவில்லை. "ஐயா பந்தோபஸ்து போயிருக்கார், வந்ததும் பேசிக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வரும்போது பாரா நின்ற பெண் காவலர் ஒருவர் என் பக்கம் திரும்பாமலே, "எஸ்பிக்குத் தபால்ல போடும்மா, கார்டோட" என்றார். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு வார்த்தை பேசினோம். இரண்டு ராத்திரி தொடர்ந்து டியூட்டியாம், கண் சிவந்திருந்தது. "கேஸ் ஏறினா மீட்டிங்ல ஐயாவைத்தான் நிக்க வச்சுக் கேப்பாங்க. கண்டுபிடிக்க முடியாத பழைய வண்டிக்கு யாரு கேஸ் போடுவா?" என்றார். இத்தனை பேர் சொல்லாததை அவர்தான் சொன்னார். பதிந்த வழக்குகளை எண்ணித்தான் ஒரு ஸ்டேஷனை எடை போடுகிறார்கள் என்றால், பதியாமல் விடுவதுதான் அவர்களுக்கு லாபம். அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அதற்கான விலையை அப்பா ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

173இன் நான்காவது உட்பிரிவு அந்தப் பெண் காவலர் சொன்ன வழிதான். ஸ்டேஷனில் மறுத்தால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம். அவரும் நடவடிக்கை எடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஏழாம் நாள் அப்பா பெயரில் ஒரே பக்கத்தில் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். கோபத்தைக் காட்டும் சொல் ஒன்றும் போடவில்லை. தேதி, நேரம், யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது, அவ்வளவுதான். இதே நிலையில் இருப்பவர்கள் தபால் ரசீதையும் திரும்பி வரும் அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பதினோராம் நாள் போன் வந்தது. "ஏம்மா, எஸ்பி ஆபீஸ் வரைக்கும் போகணுமா? எங்ககிட்டச் சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டோமா?" அதே ரைட்டர்.

மறுநாள் எஃப்ஐஆர் தயாரானது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வக்கீல் சார் எச்சரித்திருந்தார். அந்தப் படிவத்தில் எட்டாவது கட்டம், புகார்தாரர் தாமதமாகத் தகவல் கொடுத்ததற்கான காரணம். அதில், வாதி பல இடங்களில் தேடிவிட்டு இன்று நிலையம் வந்து புகார் கொடுத்தார் என்று அடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதாமல் விட்ட 12 நாளும் அப்பாவின் தாமதமாக மாறியிருந்தது. அந்த 12 நாளில் வண்டி எங்கேயாவது விபத்தில் சிக்கியிருந்தால் அப்பா என்ன சொல்லித் தப்பிப்பார்? இதை மாற்றாமல் கையெழுத்துப் போட முடியாது என்றேன். "எல்லா எஃப்ஐஆர்லயும் இப்படித்தான் போடுவோம்" என்றார்கள். அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை பேர் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்!

ஒரு மணி நேரம் நின்றோம். கடைசியில் சிஎஸ்ஆர் நம்பரையும் அதன் தேதியையும் சேர்த்து, முதல் மனு அன்றே பெறப்பட்டது என்று திருத்தினார்கள். அப்பா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். அதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது. யாரும் அவரை அவசரப்படுத்த நான் விடவில்லை. நகலை அங்கேயே கேட்டு வாங்கினோம். அதற்குக் காசு கிடையாது, சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல், அப்பாவை வாக்குமூலத்துக்கு ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லி போன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். 60 வயது தாண்டிய ஆணையும், எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடம் தவிர வேறு எங்கேயும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரிவு 179. மெதுவாகத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். வாக்குமூலம் எழுதிக்கொண்டு, "இதுல ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டினார். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது, அதுவும் சட்டம்தான் என்றேன். அவர் சண்டை போடவில்லை. பழக்கத்தில் கேட்டுவிட்டேன் என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அப்பா கேட்டார், "ஏன் பாப்பா கையெழுத்து வேணாம்ங்குறாங்க?" வக்கீல் சார் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அடித்தோ மிரட்டியோ எழுதி வாங்கிவிடுவார்கள் என்பதால். போலீஸிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதை அவருக்கு எதிரான சாட்சியமாக எடுக்கக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது. இன்றைய சட்டத்திலும் அது 23ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. அதற்கும் முன்னால், சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதையைப் பற்றி 1855இல் ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறம் 1859இல்தான் போலீஸுக்குத் தனிச் சட்டமே வந்தது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சட்டமே அவங்கள நம்பலையா?"

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். அவர் எந்தக் குற்றமும் செய்யாதபோது அவர் ரேகையை எழுதி எழுதி வைத்துக்கொண்ட மேசை, அவருடைய மகனிடம் நிஜமாகவே ஒரு குற்றம் நடந்தபோது எழுத மாட்டேன் என்றது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். 193ஆவது பிரிவு. ஜனவரி நடுவில் அந்தக் கெடு முடிந்தது, தகவல் ஒன்றும் வரவில்லை. நேரில் கேட்டு எழுத்தில் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். "நானும் வர்றேன்" என்றார் அப்பா. பீரோவில் கல்யாண வீடுகளுக்கென்று மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் எடுத்துக் கட்டிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வாசலில் பாராவுக்குப் புது ஆள். அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "என்ன விஷயம், யாரைப் பாக்கணும்?" என்றார். அதில் 'நீ'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. அப்பா எஃப்ஐஆர் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.