மரத்துக்கு எவ்வளவு?

சிங்கப்பூரில் கிராமத்தைக் கம்பம் என்போம். எங்கள் கம்பத்து வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்று பிள்ளைகள் நச்சரித்து நச்சரித்து, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் யாரும் கதவைப் பூட்டமாட்டோம், எல்லாரும் ஒரே குடும்பம் என்ற கதையைத் தேடி வருகிறவர்களுக்கு என்னிடம் பெரிதாகச் சரக்கு இல்லை. பூட்டாதது நிஜம்தான். வீட்டில் எந்நேரமும் ஒரு பொம்பளை வேலை செய்துகொண்டிருப்பாள், பிறகு எதற்குப் பூட்டு?

எங்கள் வீடு செம்பவாங்கில், சோங் பாங் கடைத்தெருவைத் தாண்டி ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. அப்பாவுக்கு நேவல் பேஸில், அதாவது கடற்படைத் தளத்தில், சாயம் அடிக்கும் வேலை. வீடு எங்களுடையது, நிலம் இன்னொருவருடையது. மாதா மாதம் தரை வாடகை கட்டவேண்டும். பலகைச் சுவர், கூடத்தில் சிமெண்டுத் தரை, அடுக்களையில் வெறும் மண். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அம்மா சாணி மெழுகி முடித்திருப்பார். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், தனியாக. ராத்திரியில் போவதென்றால் யாரையாவது எழுப்பித்தான் போகணும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

முதலில் அத்தாப்பு என்கிற ஓலைக் கூரைதான். வெயில் உள்ளே இறங்காது, மழைச் சத்தமும் தெரியாது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்து, ஏறக்குறைய 16,000 பேர் வீடில்லாமல் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அது டவுன் பக்கம், நாங்கள் தீவின் வடகோடி. ஆனாலும் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. எங்களுடையதும் விறகடுப்பு, எங்களுக்கு மேலேயும் காய்ந்த ஓலைதானே. சீட்டு எடுத்து அந்த வருஷமே தகரம் போட்டுவிட்டார்.

லோரோங் புவாங்கோக்குக்குப் பேரனைக் கூட்டிப்போயிருந்தேன். சிங்கப்பூரின் பெருந்தீவில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம் அது. இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நாலைந்து இளவட்டங்கள் தகரக் கூரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துப் பார்க்கட்டும். மழை பிடித்தால் இன்னொரு கூத்து. பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது, அம்மா கையை ஆட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவார்.

தண்ணீர்தான் பெரும்பாடு. குளிக்க, துவைக்கக் கிணறு. அந்தத் தண்ணீர் லேசாகத் துருநிறத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டை துவைக்கத் துவைக்கப் பழுத்துப்போகும். குடிக்கவும் சமைக்கவும் சாலையோரப் பொதுக்குழாய்க்கு நடக்கணும். இரண்டு மண்ணெண்ணெய் டின், நடுவில் ஒரு தோள்கட்டை. டின்னை நிரப்பியதும் அம்மா வாழையிலைத் துண்டு ஒன்றைக் கிள்ளி ஒவ்வொன்றிலும் மிதக்கவிடுவார். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அது அலையை அடக்கிவிடும், ஒரு சொட்டு சிந்தாது. நான் இலை போட்டாலும் சிந்தும். நடையிலும் ஏதோ இருந்திருக்கிறது.

1963இல் வறட்சி வந்து ஏப்ரலில் தண்ணீர்ப் பங்கீடு ஆரம்பித்தது, மறு வருஷம் பிப்ரவரி வரை நீடித்தது. யாரும் சீந்தாத எங்கள் துருத்தண்ணீர்க் கிணற்றுக்கு அப்போதுதான் மவுசு. பக்கத்து வீட்டு மக்சிக்கும் (மலாய்க்காரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எதிர்வீட்டு ஆச்சியும் வாளியோடு வந்து நிற்பார்கள். அங்கே சண்டையும் நடந்தது. மக்சிக் மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, பெருநாளைக்குக் கேத்துப்பாட் என்கிற ஓலைப் பொதிச்சோறு அனுப்பித்தான் பேச்சு தொடங்கியது. ஒரே குடும்பம் என்கிறார்களே, ஆமாம், குடும்பத்தில் நடக்கிற சண்டையும் சேர்த்து.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் முறை வந்தது. ஈசூனில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன, கம்பம் கம்பமாகக் காலி செய்தார்கள். ஒரு நாள் காலையில் அதிகாரிகள் அளவு நாடாவும் அட்டையுமாக வந்தார்கள். வீட்டை அளந்தார்கள், கோழிக்கூட்டை அளந்தார்கள், பிறகு மரங்களை எண்ண ஆரம்பித்தார்கள். மரத்துக்கும் இழப்பீடு உண்டு என்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரியும். அட்டையில் எழுதிக்கொண்டிருந்த இளைஞரின் பின்னாலேயே போனார். ரம்புத்தான் எழுதிக்கொண்டாரா? எழுதியாச்சு. பலா? எழுதியாச்சு. தென்னை, காய்க்கிறதா இல்லையா என்று கேட்டுத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். முருங்கைக்கு வந்தபோது அவர் பேனாவை மூடிவிட்டார்.

"சார், இதுல வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பாடு ஓடுது" என்றார் அப்பா.

அந்தச் சீனப் பையன் மரத்தை ஏற இறங்கப் பார்த்தான். இவ்வளவு மெல்லிசாக, ஒடித்தால் ஒடிகிற ஒன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவனுக்குப் புரியவில்லை போலும். அப்பா உள்ளே போய், முந்தின நாள் சாம்பாரில் மிஞ்சிய முருங்கைக்காயைக் கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார். அவன் வாங்கி மென்றான், சக்கையையும் விழுங்கப் பார்த்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவிட்டார். முருங்கை கணக்கில் ஏறியதா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. காசோலையில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது.

அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதில் வீடு இரண்டாகிவிட்டது. அப்பாவுக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கணும். இத்தனை வருஷம் அடுத்தவன் தரைக்கு வாடகை கட்டியவர், அவர் ஆசை நியாயம்தான். அம்மாவோ குளிர்பதனப் பெட்டியும் கேஸ் அடுப்பும் கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஜெயித்தார்.

புது வீட்டில் அம்மா குழாயைத் திறந்துவிட்டு, அது பாட்டுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அப்பா தண்ணீர்க் கட்டணத்தைச் சொல்லித் திட்டினார். கம்பத்துக்குத் திரும்பிப் போகணும் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். வீட்டை இடித்த பிறகும் மரங்களைக் கொஞ்ச நாள் வெட்டாமல் விட்டிருந்தார்கள். ரம்புத்தான் பருவத்தில் ஒரு பை நிறையப் பறித்துவந்து மேசையில் கொட்டுவார்.

"காசு வாங்கியாச்சு, அது இப்ப அரசாங்கத்து மரம். பிடிச்சு உள்ளே போடப் போறான்" என்பார் அம்மா, உரித்துத் தின்றுகொண்டே.