கழுத்தால் வரும் தலைச்சுற்றல்: முதலில் கழுத்துதானா என்று பாருங்கள்

எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், தலைச்சுற்றலுக்கான பழி முழுக்கக் கழுத்தின் மேல் விழுந்துவிடும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் அந்தத் தேய்மானம் தெரியும், ஒரு நாளும் தலை சுற்றாதவர்களுக்கும் தெரியும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

படுக்கையில் புரளும்போது அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் உள்காதில் கால்சியத் துகள் இடம் மாறியதால் வருவது. அதற்கு, தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறை இருக்கிறது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் முதலில் பிபி பார்க்க வேண்டும். கழுத்தால் வருவது சுழலாது. படகில் நிற்பது போல, தரை மெத்தென்று இருப்பது போலத் தள்ளாட்டமாக இருக்கும். கூடவே கழுத்து வலியோ இறுக்கமோ இருக்கும், தலையைத் திருப்பினால் கூடும், நிமிடக்கணக்கிலிருந்து மணிக்கணக்கு வரை நீடிக்கும்.

திடீரென்று இதுவரை இல்லாத கடுமையான கழுத்து வலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகமோ கை காலோ மரத்துப்போவது: இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் பிசியோவிடம் வராதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மண்டையோட்டின் அடியில், மேல் மூன்று கழுத்தெலும்புகளைச் சுற்றிச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு உணர்விகள் அங்கே மிக நெருக்கமாக இருக்கின்றன. வலியாலோ அடிபட்டதாலோ அந்தத் தகவல் பிசகினால், கண்ணும் காதும் சொல்வதோடு அது ஒத்துப்போகாது. அதனால்தான் தள்ளாடுகிறது.

இந்தப் பிசகை அளந்தே பார்க்கலாம். பழைய தொப்பியில் சின்ன லேசர் பாயிண்டரை ஒட்டிக்கொண்டு, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காருங்கள். புள்ளி விழும் இடத்தைக் குறியுங்கள். கண்ணை மூடி, தலையை மெதுவாக ஒரு பக்கம் திருப்பி, நேர்நிலைக்கு வந்துவிட்டதாகத் தோன்றியதும் நிறுத்துங்கள். புள்ளி திரும்பத் திரும்ப 7 செ.மீ.க்கு மேல் தள்ளி விழுந்தால் கழுத்தின் கணக்கு தப்புகிறது. அறையில் கண்ணாடி இருக்கக் கூடாது. ஒளி யார் கண்ணிலும் படக் கூடாது. சோதனையே பயிற்சியும்கூட: கண்ணைத் திறந்து பிழையைப் பார்த்து, புள்ளியைக் குறிக்குக் கொண்டுவந்து, மறுபடி மூடிச் செய்யுங்கள். பக்கத்துக்கு 6 முதல் 10 தடவை, நாளுக்கு இரண்டு வேளை.

அடுத்தது கழுத்தின் முன்பக்க ஆழ்தசை. மல்லாந்து படுத்து, பிடரிக்குக் கீழே பிபி பார்க்கும் பிரஷர் கஃப்பை மடித்து வைத்து 20 மி.மீ. வரை ஊதுங்கள். ‘ஆமாம்’ என்பதுபோல் தாடையை லேசாக இறக்கி 22-க்குக் கொண்டுபோய், 10 விநாடி நிறுத்துங்கள். பத்து தடவை. சிரமமில்லாமல் வந்தால் மட்டும் 24, பிறகு 26, 30-தான் எல்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: தலையைப் படுக்கையில் அழுத்தி முள்ளை ஏற்றுகிறார்கள், இல்லையேல் பல்லைக் கடித்து மூச்சை அடக்குகிறார்கள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு ஓடும் பட்டைத் தசை விரலுக்குக் கயிறாகத் தட்டுப்பட்டால், வேலை வேறு தசைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள்.

மேல்கழுத்து மூட்டு இறுகியிருந்தால் பிசியோ கையால் மெதுவாக நகர்த்திக்கொடுப்பார். சலூனில் எடுக்கும் சொடக்கு இதற்கு மாற்றல்ல. அந்தத் திடீர்த் திருகலில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயே கிழிந்துபோகலாம். முடக்குவாதம் (ருமடாய்டு மூட்டுவாதம்) உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கழுத்துக் காலரையும் மாதக்கணக்கில் மாட்டாதீர்கள். அசையாத கழுத்திலிருந்து மூளைக்குப் போகும் தகவல் குறையும், தசையும் தளரும். தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னாரிசின் போன்ற மாத்திரைகள் நீண்ட நாள் தொடர்ந்தால் மூளை சமநிலையைப் பழகுவது தாமதமாகும். ஆனால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

பயிற்சியின்போது லேசாகச் சுற்றி, சில நிமிடத்தில் தெளிந்தால் தொடரலாம். மறுநாள் வரை நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.