ஏடிபி இல்லாமல் நடந்த புரதம்

"லேப்ல அப்படி என்னதான் பண்றே?" என்று வீட்டில் கேட்டால், "ஒரு புரதம் நடக்கிறதைப் பார்க்கிறேன்" என்பேன். பொய் இல்லை. உயிர் இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்து முதல் இரண்டு வருஷம் அது நடக்கவே இல்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

அதன் பெயர் கைனசின். செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கூலியாள். மைக்ரோட்யூபியூல் என்ற இழைமேல் அடிமேல் அடி வைத்துப் போகும். ஓர் அடி 8 நானோமீட்டர். அதற்குக் கூலி ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று. அதன்மேல் ஒரு குட்டி பிளாஸ்டிக் மணியை ஏற்றி, மணியை லேசரால் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நகர்கிறது என்று அளப்பேன். ஒற்றைக் கற்றையால் இப்படிப் பிடிக்கலாம் என்று ஆர்தர் ஆஷ்கின் குழுவினர் காட்டியது 1986-இல். அவருக்கு நோபல் வந்தது 2018-இல், 96 வயதில். கைடிடம் இதைச் சொல்லி என் தாமதத்துக்குச் சமாதானம் தேட முடியாது.

ஏடிபி தாராளமாக இருந்தால் கைனசின் நொடிக்கு நூறு அடி போல ஓடிவிடும். திரையில் வெறும் சாய்கோடுதான். கஞ்சத்தனமாகக் கொடுத்தால்தான் படிகள் பிரிந்து தெரியும். அதனால் ராத்திரி வேலை. லிஃப்ட் ஓடாது, யாரும் கதவை அறைய மாட்டார்கள்.

அப்படி ஒரு ராத்திரி தாவல்கள் தெரிந்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாரம் கூடினால் கைனசின் பின்னடி வைப்பதும் உண்டுதானே என்று நானே முட்டுக் கொடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் டேட்டா சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டினேன். கைடு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏடிபி போடாம ஓட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. அன்று ராத்திரி பார்த்தேன். ஏடிபி இல்லையென்றால் கைனசின் இழையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட வேண்டும். இது ஜோராக நடந்தது.

நான்கு நாள் தேடினேன். லேசரைச் சந்தேகப்பட்டேன், மேசையை, மென்பொருளை, என்னையும். கடைசியில் பார்த்தால் ஏசி. அதன் காற்றுத் தகடு மேலும் கீழும் ஆட, குளிர்காற்று லேசர் போகும் பாதையைத் தடவிப்போன ஒவ்வொரு தடவையும் கற்றை துளி அசைந்திருக்கிறது. ஒரு வாரமாக நான் அளந்தது ஏசியின் நடையை! அட்டைப்பெட்டியை வெட்டிப் பாதையை மூடினேன்.

எல்லா ஆட்டத்தையும் மூடி வைக்கவும் முடியாது. தண்ணீர் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் மணி எப்போதும் நடுங்கும். 1827-இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களில் பார்த்த அதே நடுக்கம். எனக்கு அது தொல்லை இல்லை; மணி எவ்வளவு நடுங்குகிறது என்று அளந்துதான் லேசரின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று கணக்கிடுகிறேன். ஓய்வு நேரத்தில் பழைய ரேடியோக்களைப் பிரித்து மேய்வது என் பைத்தியம். அங்கேயும் இதே கதைதான்: இரைச்சல் வெளியிலிருந்து வருகிறதா, பெட்டிக்குள்ளேயே பிறக்கிறதா என்று பிரிப்பதிலேயே பாதி ஞாயிறு போய்விடும்.

அட்டைப்பெட்டி வைத்த மூன்றாவது வாரம், விடியற்காலை நாலே முக்காலுக்குப் படிக்கட்டு வந்தது. எட்டு, எட்டு, கொஞ்சம் நிறுத்தம், எட்டு. நான் எழுந்திருக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஏடிபி இல்லாத கரைசலை எடுத்துப் புதிதாக ஒரு ஸ்லைடு போட்டேன். நின்றது. சரி, எதற்கும் இருக்கட்டும் என்று ஏசியை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அப்போதும் நின்றது.